செயலில் மாற்றமில்லை

அத்தியாயம் 14

ஒன்பது நாளாக அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதை விட எழுதிக்கொண்டதுதான் அதிகம்.

இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அலுவலகம், ஒரே குழு. தங்கை ஹால் சோபாவில் உட்கார்ந்து தன் வேலையை அனுப்புவாள். மூன்றடி தள்ளிச் சாப்பாட்டு மேஜையில் அண்ணன் அதைத் திறந்து பார்ப்பார். "மதிப்பிற்குரிய பங்களிப்பாளருக்கு" என்று தொடங்கிப் பதில் போகும். நடுவே அண்ணி துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

அவர்கள் வேலை பார்த்த மென்பொருள், ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நூறு சின்னக் கம்ப்யூட்டர்கள் இருப்பதாக நம்பவைப்பது. எந்திரத்தையே இயக்கும் மைய மென்பொருளான கெர்னலின் அடிவயிற்றில் உட்கார்ந்திருப்பது. உள்ளே குடியிருக்கும் சின்னவற்றுக்குக் 'கெஸ்ட்' என்று பெயர். ஒவ்வொரு கெஸ்டும் மொத்த எந்திரமும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இதை அண்ணிக்கு விளக்கியபோது, "நம்ம ஹால் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை.

அண்ணிக்கு ஏழாம் மாதம். வாங்கி வைத்த தொட்டில் இன்னும் அட்டைப்பெட்டியில் இருந்தது. அதைப் பிரித்து நிறுத்த வேண்டிய இடத்தில் தங்கையின் படுக்கை கிடந்தது. தங்கைக்கும் அது தெரியும். இரண்டு வருடமாக ஒப்பந்த ஊழியர். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி நீட்டிக்க விதியில் இடமில்லை. நிரந்தர வேலைக்கான கடிதம் கையில் வந்தால்தான் பஸ் டிப்போ பக்கத்து மாடி அறையைத் தருவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதற்கும் கெடு இன்று மாலை ஆறு மணி.

கடிதம் வருவது நாற்பத்து மூன்று பேட்ச்களை, அதாவது கோட்டில் செய்யும் சிறு திருத்தங்களை, பொறுத்திருந்தது.

அது இயக்குநரின் ஏற்பாடு. கதவுப் பலகையில் 'இயக்குநர்' என்றிருந்தாலும் எல்லோரும் அவரைச் 'சர்க்குலர்' என்றுதான் சொல்வார்கள். அவர் கோட் எழுதி யாரும் பார்த்ததில்லை. சர்க்குலர் எழுதாமல் இருந்தும் யாரும் பார்த்ததில்லை. பல வருடம் பல கைகள் எழுதிய கோட் அது. ஒரே பொருளுக்கு ஒரு கோப்பில் ஒரு பெயர், அடுத்த கோப்பில் இன்னொன்று. ஒரு பொருளுக்கு இனி ஒரே பெயர்தான் என்று அவர் இருபத்தேழு பக்கத்தில் அறிவித்தார். முதல் பக்கத்தில் அதற்குப் 'பெயர்ச் செம்மை இயக்கம்' என்று பெயர். நாலாம் பக்கத்தில் 'செம்மைப் பெயர்த் திட்டம்'. பத்தொன்பதாம் பக்கத்தில் 'பெயரிடல் மேம்பாட்டு முனைப்பு'. யாரும் சுட்டிக்காட்டவில்லை. பத்தொன்பதாம் பக்கம் வரை யாரும் போகவில்லை.

நிரந்தர ஊழியர்கள் எல்லோருக்கும் திடீரென்று அவசர வேலைகள் முளைத்தன. வேலை தங்கையின் தலையில் விழுந்தது.

அவள் அனுப்பிய ஒவ்வொரு பேட்ச்சின் அடியிலும் ஒரு வரி இருந்தது: 'செயலில் மாற்றமில்லை.' பெயர்தான் மாறியிருக்கிறது, எந்திரம் முன்போலவே நடந்துகொள்ளும் என்று எழுதியவர் தரும் வாக்கு. அதற்குக் கீழே ரிவ்யூ செய்கிறவர் 'படித்துப் பார்த்தேன்' என்று தன் பெயரைப் போட வேண்டும். அது இல்லாமல் ஒரு கமா கூட உள்ளே போகாது. அந்தப் பகுதியை ரிவ்யூ செய்யத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார். மிச்சம் அண்ணன்.

தங்கச்சிக்குச் சலுகை காட்டினார் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அதனால் முதல் இருபத்திரண்டு பேட்ச்களை அவர் ஆறு முறை திருப்பி அனுப்பினார். 'இங்கே ஓர் அடிக்கோடு கூடுதல்.' 'இந்த வரியில் எண்பத்தொரு எழுத்துகள். எண்பதுக்கு மேல் அனுமதியில்லை.' 'இந்த இடைவெளி எதற்கு என்று விளக்கவும்.' அலுவலகமே அவருடைய நேர்மையை வியந்தது. அவரும் கொஞ்சம் வியந்தார்.

*

"இன்னைக்காவது கையெழுத்து போடுவீங்களா, இல்ல இன்னும் ஏதாவது கோடு கோணலா இருக்கா?" அண்ணி டீயை மேஜையில் வைத்தாள்.

"ரிவ்யூன்னா அப்படித்தான்."

"என்னைக் கல்யாணம் பண்ணிக்க நீங்க இவ்வளவு யோசிக்கல."

தங்கை பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சிரித்தாள். "விடுங்க அண்ணி. வீட்ல ரிவ்யூ பத்திப் பேசக் கூடாதாம். சர்க்குலர்ல பன்னெண்டாவது பக்கம்."

"அப்ப அந்த மாடி ரூம் ஓனர்கிட்டயும் அந்தப் பக்கத்தைக் காட்டு. ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் வைக்க மாட்டேன்னு சொன்னாருன்னியே."

"ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்களாம் அண்ணி. லெட்டரோட வாம்மா, சாவியோட போன்னாரு." சொல்லும்போதே அவள் குரலில் சாவி கிணுகிணுத்தது.

செருப்பை மாட்டியவள் வாசலில் நின்றாள். "அண்ணா."

அவர் லேப்டாப்பிலிருந்து நிமிரவில்லை.

"முப்பத்தொண்ணு மட்டும் கொஞ்சம் நிதானமா பாரு. அதுல ரெண்டு ஃபங்ஷனை ஒண்ணா சேத்திருக்கேன். பழைய கோட்ல இருக்கற கமென்ட்ல சரின்னுதான் போட்டிருக்கு. இருந்தாலும் பாத்துடு."

"ஆபீஸ் விஷயம் ஆபீஸ்ல. மெயில்ல எழுது."

"எழுதினா ஏழாவது தடவையும் திருப்பி அனுப்புவ."

"தேவைன்னா அனுப்புவேன்."

அவள் எழுதவில்லை. கதவு சாத்தப்பட்டது. அண்ணி கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ உங்க தங்கச்சிங்க. ஹால்ல இருந்து அவ போகணும்னு நான்தான் ஆசைப்படறேன், ஒத்துக்கறேன். ஆனா அவளை இப்படி அலைய விடணும்னு நான் நினைச்சதில்ல."

டீ ஆறிப்போனது.

*

பதினொன்றேகால் மணிக்குச் சர்க்குலர் அண்ணனின் தடுப்பு மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார்.

"சார், உங்க நேர்மை எல்லாருக்கும் தெரியும். ஆனா நேர்மைக்கும் ஒரு நேரம் இருக்கு. பன்னெண்டு மணி. மூணு மணிக்கு மேலிடத்துல இருந்து வர்றாங்க."

"இருபத்தொரு பேட்ச் பாக்கி இருக்கு சார்."

"பேரு மாத்தறதுதானே? என் பையன் கூடப் பண்ணுவான்." அவர் நகர்ந்தார்.

அண்ணன் இருபத்து மூன்றைத் திறந்தார். பெயர் மாற்றம். செயலில் மாற்றமில்லை. இருபத்து நான்கு, அதேதான். இரண்டு வரிசை தள்ளித் தங்கையின் பின்தலை தெரிந்தது. கழுத்தைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக அவள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்பதை யோசித்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. நேர்மையாளருக்கு இரக்கம் வந்துவிட்டால் ஆபத்து, பழக்கமில்லாத சரக்கு.

இருபத்தொரு பேட்ச்களையும் நாலே நிமிடத்தில் படித்துப் பார்த்தார். அதாவது, படித்துப் பார்த்தேன் என்று போட்டார். முப்பத்தொன்றில் கை சற்றாவது தயங்கியதா என்று பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தார். தயங்கவில்லை.

இதற்குப் பிறகும் ஒரு காவல் இருந்திருக்க வேண்டும். ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை வைக்காமல் தடுக்கக் கோட்டில் பூட்டுகள் உண்டு; அவை சரியாகப் போட்டுத் திறக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் ஒரு சோதனை. அது மெதுவாக ஓடுகிறது, மேலிடம் வரும்போது எந்திரம் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும் என்று போன வாரம்தான் சர்க்குலர் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார். அதற்கும் ஒரு சர்க்குலர் உண்டு.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்து மூன்றும் உள்ளே போயின. தங்கை திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தை மாற்றாமல் தலையை ஒரு விரற்கடை அசைத்தார். அவள் இரண்டு உள்ளங்கையாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

*

மூன்று மணிக்குப் பெரிய திரையில் அறுபத்து நான்கு பச்சைக் கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு கெஸ்ட். மேலிடத்திலிருந்து வந்த நான்கு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேர் ஒழுங்கா இருந்தா எண்ணம் ஒழுங்கா இருக்கும். எண்ணம் ஒழுங்கா இருந்தா எந்திரம் ஒழுங்கா இருக்கும்" என்றார் சர்க்குலர். "இப்ப பாருங்க. நினைவக நெருக்கடி வந்தா நம்ம கெஸ்டுங்க எப்படி ஒண்ணுக்கொண்ணு விட்டுக்கொடுக்குதுன்னு."

நெருக்கடி கொடுக்கப்பட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் சாம்பல் நிறமானது.

"அது என்ன?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"சிக்கன நிலை சார்" என்றார் சர்க்குலர், கண்ணிமைக்காமல்.

இன்னொன்று சாம்பலானது. அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு ஒரு வரிசை முழுக்க.

"ரொம்பச் சிக்கனமா இருக்கே" என்றார் அவர்.

பக்கத்துத் திரையில் காட்டிய சர்க்குலரின் படவிளக்கமும் ஒரு கெஸ்டுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று சாம்பலான பிறகு அதுவும் நின்றது. 'ஒழுங்கு' என்ற ஒற்றைச் சொல் அந்தத் திரையில் உறைந்து, யார் எந்தப் பொத்தானை அழுத்தியும் போகாமல், வந்தவர்கள் எழுந்து போன பிறகும் அப்படியே நின்றது.

நாற்பத்து மூன்றைப் பாதியாக்கி, அதில் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கித் தேடினார்கள். இருபது நிமிடத்தில் எண் கிடைத்தது. முப்பத்தொன்று.

இப்போது அண்ணன் படித்தார். எழுத்து எழுத்தாக.

இரண்டு ஃபங்ஷன்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்துதரும் கோட் துண்டுகள். இரண்டும் நினைவகக் கணக்கைத் துடைப்பவை. முதலாவது தானே பூட்டைப் போட்டுக்கொண்டு துடைக்கும். இரண்டாவது, கூப்பிட்டவர் ஏற்கெனவே பூட்டைப் போட்டிருக்கிறார் என்று நம்பித் துடைக்கும். தங்கை இரண்டாவதை எடுத்துவிட்டு, அதைக் கூப்பிட்ட எல்லோரையும் முதலாவதிடம் அனுப்பியிருந்தாள். பூட்டைக் கையில் வைத்திருப்பவனே மறுபடி பூட்டுக்காக நிற்பான். சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவி வரட்டும் என்று வாசலிலேயே காலம் முழுக்கக் காத்திருப்பவன் மாதிரி. நினைவகம் தாராளமாக இருக்கும் வரை அந்த வழியில் யாரும் போக மாட்டார்கள். அதனால்தான் மதியம் வரை எல்லாம் பச்சையாக இருந்தது.

அவள் நீக்கிய வரிகளோடு, அவற்றின் மேல் விளக்கக் குறிப்பாக இருந்த ஒரு கமென்ட்டும் போயிருந்தது. 'இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எதைக் கூப்பிட்டாலும் சரி.' ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. அண்ணனின் பெயர்.

எழுதிய அன்று அது உண்மை. இரண்டு வருடம் கழித்து முதலாவதற்குள் பூட்டைப் போட்டவரும் அவரேதான். கமென்ட்டைத் தொடவில்லை. அது ஏழு வருடமாக அவர் பெயரோடு பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

*

தங்கை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மூடிய லேப்டாப் மடியில் இருந்தது.

"முப்பத்தொண்ணு படிச்சியாண்ணா?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு. படிச்சியா?"

"இல்ல."

"காலைல சொன்னேனே."

"சொன்ன."

கீழே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். அவள் பேசியபோது குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கமென்ட்டை நான் மூணு தடவ படிச்சேன். வேற யாரு எழுதியிருந்தாலும், எங்கெங்க இருந்து கூப்பிடறாங்கன்னு ஒவ்வொரு இடமா தேடிப் பாத்திருப்பேன். உன் பேரு இருந்துச்சு. விட்டுட்டேன்."

"கமென்ட் தப்பு. மாத்தாம விட்டவன் நான். படிக்காம கையெழுத்து போட்டவனும் நான். இப்பவே போய்ச் சொல்றேன்."

"நாலு மணிக்குள்ள சொல்லு, அப்பதான் ஆறுக்குள்ள ரூம் ஓனர்கிட்ட போக முடியும்" என்றாள் அவள், வாட்சைப் பார்த்து. "லெட்டரை அவர் மேஜைலதான் வெச்சிருக்காரு. காலைல பாத்தேன்."

*

சர்க்குலர் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்கள் ஈரமாயின. அண்ணனுக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

"சார்" என்றார் சர்க்குலர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி. "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்காக நான் இப்படிப் பழியை ஏத்துப்பேனான்னு கேட்டா, மாட்டேன். உண்மையைச் சொல்லிடறேன். நீங்க பெரிய மனுஷன்."

"நான் பழியை ஏத்துக்கல சார். நடந்ததைச் சொல்றேன். தேதியோட இருக்கு, பாருங்க." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

புண்ணைத் திறந்து காட்டினாற்போலச் சர்க்குலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கோட் எல்லாம் எதுக்கு சார்? நான் மனுஷங்களைப் படிக்கறவன்."

"ஒரே ஒரு வரிதான் சார். என் பேரு போட்டிருக்கு."

"இருக்கட்டும் சார், இருக்கட்டும்."

"பூட்டுச் சோதனை ஓடியிருந்தாலும் இது மாட்டியிருக்கும். அதை நிறுத்தச் சொன்னது..."

"அது வேற திட்டம் சார். வேகத் திட்டம். இதோட போட்டுக் குழப்பக் கூடாது." அவர் திரையில் ஒரு படிவத்தைத் திறந்தார். 'தவறு செய்தவர்' என்ற கட்டத்தில், பேட்ச்சை அனுப்பியவரின் பெயரை எந்திரமே எடுத்துப் போட்டிருந்தது.

"என் பேரையும் சேருங்க."

"ரெண்டு பேர் போட இடம் இல்ல சார். ஒரு தப்புக்கு ஒரு பேர். நம்ம இயக்கமே அதுக்குத்தானே?"

அண்ணன் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். நீளமான கட்டம்தான். எண்பது எழுத்து தாராளமாகக் கொள்ளும்.

"அவளுக்கு லெட்டர்..."

"காலைலயே கையெழுத்து போட்டு வெச்சிட்டேன் சார். பாருங்க, நான் அவ்வளவு நம்பினேன்." சர்க்குலர் மேஜையிலிருந்து கடிதத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார், நகத்தால் மடிப்பை அழுத்தினார், கிழித்தார். மறுபடி மடித்தார், அழுத்தினார், கிழித்தார். நாலு துண்டும் ஒரே அளவில் வந்தன. "மாசக் கடைசி வரைக்கும் கூட வர வேண்டாம்னு சொல்லிடுங்க, பாவம். நீங்களும்தான் படிச்சுப் பாத்தேன்னு போட்டிருக்கீங்க. ஆனா ஒரு அண்ணனோட பாசத்தை நான் குத்தமா எழுத மாட்டேன்."

ஒன்பது நாளில் அவர் காட்டாத பாசம் அவரைக் காப்பாற்றிவிட்டது.

வெளியே வந்தபோது மணி நாலேகால். தங்கையின் மேஜை துடைத்தாற்போல் இருந்தது. அடையாள அட்டையை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

அண்ணன் உட்கார்ந்து குழு முழுவதற்கும் ஒரு மெயில் எழுதினார். கமென்ட்டின் தேதி, பூட்டுப் போட்ட தேதி, படிக்காமல் கையெழுத்துப் போட்ட நேரம் என்று எதையும் விடவில்லை. அந்தக் கோட் வரிகளையும் இணைத்து, தவறு முழுக்க என்னுடையது என்று முடித்தார். பத்து நிமிடத்தில் ஏழு பதில்கள் வந்தன. ஒருவரும் இணைப்பைத் திறந்திருக்கவில்லை. 'அண்ணன்னா இப்படி இருக்கணும்' என்று எழுதியிருந்தார் ஒருவர். மற்றவர்கள் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

*

பஸ்ஸில் வரும்போது போன் அடித்தது. மாடி அறை வீட்டுக்காரர். அவசரத்துக்கென்று தங்கை அண்ணனின் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

"ஆறு பத்து ஆயிடுச்சு சார். உங்க தங்கச்சி வரவே இல்லையே. போன் பண்ணா எடுக்கல. அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

அவர் தங்கையைக் கூப்பிட்டார். அவள் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இறங்கும் வரை ஐந்து முறை கூப்பிட்டார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அட்டைப்பெட்டி கிழிந்து கிடந்தது. ஹால் நடுவே தொட்டில் நின்றது. அண்ணி தரையில் உட்கார்ந்து, கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்து சிரிக்கிற முகம்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? அஞ்சு மணிக்கே வந்துட்டா. லெட்டர் குடுத்துட்டாங்களாமே! ரெண்டு பையிலயும் துணியை அள்ளிப் போட்டுக்கிட்டு, ஆறு மணிக்குள்ள சாவி வாங்கணும் அண்ணின்னு ஒரே ஓட்டம்."

அண்ணன் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"லெட்டரைக் காட்டினாளா?"

"எதுக்குக் காட்டணும்? கட்டிப்பிடிச்சு அழுதுட்டா அவ. நானும் அழுதுட்டேன். எத்தனை நாள் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். தொட்டிலை அவளே பிரிச்சு, பாதி மாட்டிக் குடுத்துட்டுத்தான் போனா." அண்ணி தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை, அப்படியே உட்கார்ந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. ரிவ்யூவர் மேல எந்த வருத்தமும் இல்லையாம். பாத்தீங்களா, எவ்வளவு நல்ல மனசு? நீங்க கையெழுத்து போடுவீங்கன்னு நான்தான் நம்பாம காலைல அப்படிப் பேசிட்டேன்."

அவர் பால்கனிக்குப் போய் மறுபடி கூப்பிட்டார். அதே குரல், அதே அறிவிப்பு. தெருவில் பைகளோடு போகிற ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"பேசினீங்களா?" என்றாள் அண்ணி உள்ளிருந்து. "நல்லா இருக்காளா?"

"ம்."

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடலாம். பஸ் டிப்போ பக்கம்னு தெரியும், எந்தத் தெருன்னு கேக்க மறந்துட்டேன். அட்ரஸ் வாங்கினீங்களா?"

அவர் உள்ளே வந்தார். ஏழு மாத வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, தொட்டிலோடு வந்த விளக்கத்தாளை அண்ணி திருப்பி வைத்தாள். எட்டிப் பேனாவை எடுத்தாள். தங்கையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே கோடு போட்டாள்.

"வாங்கினீங்கல்ல? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"வீட்டு நம்பர்?" என்றாள் அண்ணி.